கியூபெக்கின் பங்குப் பதிவேடுகளும் வம்சாவளித் தேடலும்

பிரெஞ்சு-கனடியர் ஒருவர் பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்று, பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கப்பலேறிய தம் மூதாதையரைக் கண்டடைவது அரிய நிகழ்வன்று. இதனைக் கத்தோலிக்கக் குருமாரின் பக்தியோடு இணைத்துப் பேசுவோர் உளர். எனக்கோ இது முதன்மையாகச் சட்டத்தின் விளைவாகவே தோன்றுகிறது.

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேட்டை இரு படிகளாக எழுதுமாறு பிரெஞ்சு முடியரசு 1667-இல் ஆணையிட்டது. ஒரு படி பங்கில் இருக்கும். மற்றது நீதிமன்றத்தைச் சேரும். ஒன்று எரிந்தாலும் மற்றொன்று எஞ்சும். இம்முறைக்கு முன்னர், 1640-இல் கியூபெக் நகரின் தேவாலயம் தீக்கிரையானபோது, அழிந்த பதிவுகளை நினைவைக் கொண்டே மீண்டும் எழுத நேர்ந்தது. ஆக, தொடக்கக் குடியேறிகள் சிலரின் வம்சாவளி நிற்பது ஆவணத்தின் மீதன்று, நினைவின் மீது.

இப்பதிவுகளின் தனிச்சிறப்பு பெண்களின் பெயரில் உள்ளது. மணமான பின்னரும் பெண் தன் பிறந்த குடும்பப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். 1663 முதல் 1673 வரை அரசச் செலவில் அனுப்பப்பட்ட, 'அரசரின் மகளிர்' எனப்படும் ஏறத்தாழ 770 பெண்களின் வழித்தோன்றல்களை இன்று அடையாளம் காண முடிவது இதனால்தான். திருமணப் பதிவில் பெரும்பாலும் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் உண்டு. நோட்டரி முன்னிலையில் எழுதப்பட்ட மண ஒப்பந்தமும் கிடைத்துவிட்டால், கையொப்பமிட்ட உறவினர் கூட்டமே நம் முன் வந்து நிற்கும். நெருங்கிய உறவினர் மணந்தால் திருச்சபையின் விலக்கு தேவை. அவ்விலக்கைப் பற்றிய குறிப்பே, தொலைந்த ஒரு தலைமுறையை மீட்டுத் தருவதும் உண்டு.

குழப்பம் தருவது ஆண்களின் பெயரே. 'தி' என்ற சொல்லால் குடும்பப் பெயரோடு ஒட்டிய மறுபெயர்கள் ஏராளம். படைவீரர்களின் பட்டப்பெயர்கள் பல இவ்வாறு நிலைத்தன. ஒரு மகன் குடும்பப் பெயரைக் கொள்ள, மற்றொருவன் மறுபெயரைக் கொண்டான். இரு தலைமுறைக்குள் உடன்பிறந்தோரின் வழியினர் வேற்றுக் குடும்பத்தாராகிவிடுவர். 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வம்சாவளி அகராதியை வெளியிட்ட சிப்ரியேன் தங்கே அடிகளாரும், 1966-இல் மொன்றியால் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டத்தினரும் இச்சிக்கலோடு நெடுங்காலம் போராடினர்.

'முழுமையான ஆவணம்' என்று இதனைப் போற்றுவோர் அதே ஏட்டின் வேறு சில வரிகளையும் படித்தல் வேண்டும். 1709-இல் ஆளுகை அதிகாரி ராதோ பிறப்பித்த ஆணை, கறுப்பினத்தவரையும் 'பானி' என அழைக்கப்பட்ட பூர்வகுடியினரையும் விலைக்கு வாங்கியோரின் உடைமையாக்கியது. வரலாற்றாசிரியர் மார்செல் த்ருதெல் ஏறத்தாழ 4,200 அடிமைகளை ஆவணங்களில் கண்டறிந்தார். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பூர்வகுடியினர். அவர்களுடைய திருமுழுக்குப் பதிவில் ஒரு கிறித்தவப் பெயரும், உத்தேச வயதும், உடைமையாளரின் பெயரும் இருக்கும். பெற்றோர் பெயர் பெரும்பாலும் இராது. வம்சாவளி ஆய்வின் அடிப்படை அலகே பெற்றோர் பெயர்தான். மேலும், சிலர் உடைமையாளரின் குடும்பப் பெயரையே ஏற்றமையால், பெயரொற்றுமையை இரத்த உறவெனக் கொள்வதும் பிழையாகிவிடும்.

மொன்றியால் நகருக்குத் தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1734-இல் தூக்கிலிடப்பட்ட மரி-ஜோசெஃப் ஆஞ்செலிக் என்னும் கறுப்பின அடிமைப்பெண்ணின் திருமுழுக்கும், அவள் பெற்ற மூன்று குழந்தைகளும் பங்கு ஏடுகளில் உள்ளனர். குழந்தைகள் மூவரும் சிசுப்பருவத்திலேயே இறந்தனர். அவள் போர்த்துகலில் பிறந்தவள் என்பதை, விசாரணையில் நீதிபதியின் கேள்விக்கு அவள் அளித்த விடையிலிருந்தே அறிகிறோம்.