பாஸ்புக்கில் இல்லாத பெயர்

வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே சனி, ஞாயிறுகளில் ஜவுளிக்கடையில் நிற்கிறவள். "படிக்கிற வயசுல வேலைக்குப் போறது தப்பா மேடம்? சித்தி தப்புங்கறாங்க. அப்பா, அப்பத்தான் பொறுப்பு வரும்ங்கறார்" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து வேலை பார்த்தவள்தான்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும்வரை, பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டுச் சுளகை மடியில் எடுத்துக்கொள்வேன். நனைத்த இலையை அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். அதே நேரத்தில் அண்ணன் டியூஷனுக்குப் போவான். அவனுடைய ஃபீஸ் பீடிக் காசிலிருந்து போனது. இதை அநியாயம் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

படிப்பையும் வேலையையும் ஒரே நாளில் வைப்பது பழைய ஏற்பாடு. அதைச் சட்டமாகவே எழுதிய நாடு இங்கிலாந்து. 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, எட்டு வயதான பிள்ளைகள் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் இருக்கலாம். 'அரைநேரத்தார்' என்று அவர்களுக்குப் பெயர். லங்காஷயர் பஞ்சாலைகளில் இந்த முறை பல தலைமுறைகள் நீடித்தது.

அப்படி ஆலைக்குப் போனவர்களில் ஒருவர் ஆனி கென்னி. 1879இல் பிறந்தவர். பத்து வயதில் அரைநேர வேலை, பதின்மூன்றில் முழுநேர வேலை. பாபின் பிடித்ததில் ஒரு விரலை இழந்தார். 1905 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த லிபரல் கட்சிக் கூட்டத்தில், பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டுடன் சேர்ந்து கேட்டுச் சிறைக்குப் போனவர் அவர்தான்.

ஆலைதான் அவரை உருவாக்கியது என்று சொல்லத் தோன்றும். அதில் பாதி உண்மை இருக்கிறது. தன்னைப் போன்ற பெண்களை, தொழிற்சங்கத்தை, தன் பெயரில் ஒரு கூலியை ஆலை அவருக்குக் கொடுத்தது. படிப்பை எடுத்துக்கொண்டது. அந்தக் குறையை அவர் பின்னாளில் தானாகப் படித்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. விடியற்காலை ஆலைக்குப் போன பிள்ளைகள் பிற்பகல் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் 1909இல் அரைநேர வயதை உயர்த்தலாமா என்று பஞ்சாலைத் தொழிலாளர்களிடம் கேட்டபோது, பெரும்பான்மையினர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. பிள்ளையின் கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீடுகள் அவை. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்ட லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தது. ஏழு வயதுக்குக் கீழே வேலை கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். ஒன்பது மணி நேரம் ஆலையில் நின்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது?

அதன்பின் வயதும் நேரமும் படிப்படியாகத் திருத்தப்பட்டன. ஆனால் சட்டம் எப்போதும் வீட்டு வாசலோடு நின்றுகொண்டது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பெண்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இரவு ஏழு மணிக்கு மேல் தொழிற்கூடத்தில் வேலை செய்யக் கூடாது என்றது. வீடு தொழிற்கூடம் ஆகாது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தடை செய்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு அதே பிரிவில் விலக்கும் கொடுத்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் 'உதவலாம்' என்கிறது. பெண்பிள்ளையின் உழைப்பு இந்த 'உதவி' என்ற சொல்லுக்குள் போய்விட்டால் அதற்கு நேரக் கணக்கு இல்லை, கூலி இல்லை, விடுமுறையும் இல்லை.

பீடி எனக்கு ஒன்றுமே தரவில்லை என்றால் அது பொய். திண்ணையில் சித்தியும் ஆச்சியும் பேசப் பேசச் சுற்றிய மாலைகளில்தான் மொழியின் ருசி எனக்குப் பிடிபட்டது. நல்ல பீடியையும் கழிவென்று ஒதுக்கிய கடைக்காரரிடம் அம்மா சண்டை போட்டதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கக் கற்றேன். ஆனால் மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்த இரவுகளிலும் கட்டுக்கணக்கு குறையக் கூடாது என்பதுதான் வீட்டுச் சட்டம். வகுப்பில் என் விரல்களில் புகையிலை நாற்றம் இருக்கும். கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருப்பேன்.

அம்மாவின் பீடி பாஸ்புக் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் எழுதிய எண்ணிக்கையில் பாதியாவது என் விரல்கள் சுற்றியது. எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை.

மாணவிக்கு மறுநாள் பதில் சொன்னேன். "வேலைக்குப் போறது தப்பில்லம்மா. ஆனா மூணு விஷயம் பாரு. வேலை உன் படிப்பு நேரத்தைத் தின்னுதா? வேண்டாம்னா நிறுத்திக்க முடியுமா? சம்பளம் யார் கைக்கு வருது?"

முதல் இரண்டுக்கும் அவள் யோசித்தாள். மூன்றாவதற்கு யோசிக்கவே இல்லை.

"மாசக் கடைசியில அப்பா வந்து வாங்கிக்குவாரு மேடம்."