டயருக்கு ஆயுசு எவ்வளவு? கொஞ்சம் கொசுவத்தி

கார் வெச்சிருக்கறவங்க நாலு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சு கண்டிப்பா வரும். ஒருத்தர் "என் டயர் 60,000 கிலோமீட்டர் ஓடிச்சு"ம்பார். இன்னொருத்தர் "எனக்கு 25,000லயே மொட்டை"ம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஏன் இந்த வித்தியாசம்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். சுத்திடுவோமா கொசுவத்தியை?

பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைச்சு உடையும். அதோட கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினா ரெண்டு தொல்லையும் போயிடும்னு 1839ல அமெரிக்காவில் கண்டுபிடிச்சவர் சார்லஸ் குட்இயர். பாவம், மனுஷன் 1860ல கடனோடதான் செத்தார். அவர் பேரில் இருக்கிற டயர் கம்பெனி 1898ல வேற யாரோ ஆரம்பிச்சது. பேரு மட்டும்தான் இவருது!

காத்தடைச்ச டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845லயே காப்புரிமை வாங்கிட்டார். அப்ப அதை யாரும் சீண்டலை. 1888ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் டன்லப்ங்கற மாட்டு டாக்டர் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே திரும்பக் கண்டுபிடிச்ச பிறகுதான் ஊர் பிடிச்சுக்கிச்சு.

காருக்கு அதை மாட்டிக் காட்டினவங்க மிச்செலின் சகோதரர்கள். 1895ல பாரிஸ்லேர்ந்து போர்தோ போய்த் திரும்பற பந்தயம். கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கையில் கொண்டுபோன 22 டியூபும் காலி! காத்து டயர் ஜெயிக்கும்னு அன்னிக்கு யார் நம்பியிருப்பா?

அந்தக் கால டயர் சில ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினாலே பெரிய விஷயம். முதல் காரணம், டயர் அப்போ கறுப்பு இல்லை, வெள்ளை. (மிச்செலின் பொம்மை ஏன் வெள்ளையா இருக்குன்னு இப்ப புரியுதா?) ரப்பர்ல கரித்தூளைக் கலந்தா உறுதியும் தேய்மானத் தாங்கும் சக்தியும் பலமடங்கு கூடும்னு 1904ல இங்கிலாந்தில், லண்டன் பக்கத்துல சில்வர்டவுன்ல கண்டுபிடிச்சாங்க. ரெண்டாவது காரணம் உள்ளே இருந்த துணி. குறுக்கும் நெடுக்குமா நெய்த கேன்வாஸ். சக்கரம் சுத்தச் சுத்த நூலோட நூல் உரசி, சூடாகி, ஒண்ணையொண்ணு அறுத்துக்கும். குறுக்கு நூலை எடுத்துட்டு ஒரே திசையில் கயிறு மாதிரி நூல் வெச்சதும் அந்த வியாதி குறைஞ்சது.

சூடுதான் டயரோட பெரிய எதிரின்னு ஒரு தேசமே பாடம் படிச்சது 1942ல. அந்த வருஷம் பிப்ரவரிக்குள்ள மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கையில். அப்புறம் டச்சுக்காரங்ககிட்ட இருந்த இந்தோனேசியத் தீவுகளும் போச்சு. அமெரிக்காவுக்கு வந்துக்கிட்டிருந்த ரப்பர்ல 90 சதவீதத்துக்கு மேல நின்னுபோச்சு. அமெரிக்காவில் போர்க்காலத்துல முதல்ல ரேஷன் ஆனது சர்க்கரையோ பெட்ரோலோ இல்லைங்க, டயர்! 1942 ஜனவரியிலயே வந்திடுச்சு. காருக்கு 5 டயருக்கு மேல வெச்சிருந்தா அரசாங்கத்துக்கிட்ட கொடுத்திடணும். வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேல கூடாது. டிசம்பர்ல நாடு முழுக்க பெட்ரோல் ரேஷன் வந்துச்சு. பெட்ரோல் தாராளமாக் கிடைச்ச மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான். வண்டி ஓடாம இருந்தாத்தானே டயர் தேயாம இருக்கும்!

இந்தக் கதையில் நம்ம ஆளுங்க இருக்காங்க. மலாயா தோட்டங்கள்ல விடிகாலையில் பால்மரம் சீவினவங்கள்ல பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போன தமிழர்கள். ஜப்பான் பிடிச்சதும் ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்துல கூலி இல்லை. அவங்கள்ல பெரிய கூட்டத்தை ஆசை காட்டியும் அதட்டியும் சயாம் - பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனாங்க. 415 கிலோமீட்டர் காடு. காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அமெரிக்காவில் 35 மைல் வேகத்தில் ஊர்ந்த காருக்கும் அந்தக் காட்டில் பேரில்லாமப் புதைஞ்சவங்களுக்கும் நடுவுல இருந்தது ஒரே ரப்பர்தான். டயர் வரலாறு எழுதறவங்க முதல் பாதியை விலாவாரியா எழுதுவாங்க. ரெண்டாவது பாதியை நாமதான் எழுதணும்.

போர் முடிஞ்சதும் அடுத்த புரட்சி. மிச்செலின் 1946ல ரேடியல் டயருக்குக் காப்புரிமை கேட்டு, 1949ல விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய டயர்ல நூல் அடுக்குகள் சாய்வா, ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கா ஓடும். பக்கச்சுவர் வளையும்போதெல்லாம் தரையைத் தொடற பட்டையும் சேர்ந்து நெளியும். அந்த நெளிசல்தான் தேய்மானம். ரேடியல்ல நூல் நேரா குறுக்கே போகும், பட்டைக்கு அடியில் எஃகு பெல்ட் இருக்கும். பக்கச்சுவர் பாட்டுக்கு வளையும், பட்டை அசையாம தரையில் படியும். ஆயுசு கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

நல்ல விஷயம்தானே? அமெரிக்காவின் டயர் தலைநகரான ஏக்ரனுக்கு அப்படி இல்லை. ரேடியலுக்குப் புது இயந்திரங்கள் வேணும். அதோட டயர் ரெண்டு மடங்கு உழைச்சா மாத்து டயர் விற்பனை பாதியாயிடுமே! ரொம்ப நாள் இழுத்தடிச்சாங்க. 1970கள்ல ரேடியல் அலை அடிச்சப்ப, பழைய ஆலைகள் ஒவ்வொண்ணா மூடி, ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க தெருவுக்கு வந்தாங்க.

சரி, நம்ம மொட்டை டயருக்கு வருவோம். காரணங்கள் இன்னிக்கும் அதேதான்: உரசலும் சூடும். காத்து கம்மியா இருந்தா ஓரங்கள் தேயும், சூடும் ஏறும். அதிகமானா நடு தேயும். வீல் அலைன்மெண்ட் துளி கோணினாலும் டயர் உருள்றதோட பக்கவாட்டில் இழுபடவும் செய்யும், கிலோமீட்டர் பூரா. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர் சீக்கிரம் போகும். மின்சாரக் காருக்கு எடையும் அதிகம், கிளம்பற இழுவையும் அதிகம்.

ஓடாட்டியும் வயசு ஆகும். பக்கத்துல கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2319ன்னா 2019ல 23வது வாரம் பிறந்தது. பட்டைக் குழிக்குள்ள குட்டி மேடு இருக்கும். தேய்ஞ்சு அதோட மட்டமானா 1.6 மி.மீ.தான் பாக்கி, மாத்திடணும்.

மாசம் ஒருதரம் டயர் ஆறியிருக்கும்போது காத்து பாருங்க. 1942ல சட்டம் போட்டுச் சொன்னதை நாம சும்மாவே செய்யலாம்: கொஞ்சம் மெதுவாப் போங்க.