யாளியின் முதுகு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது கழற்றிய பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். போன மாதம் ஒரு கடையில் முழ உயர யாளி ஒன்று கண்ணில் பட்டது.

"தேர்ல இருந்தது சார். நூத்தம்பது வருஷம் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

மரச் சிற்பத்தில் நாம் முகத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். பெர்மாங்கனேட் கரைசலும் ஷூ பாலீஷும் போதும், ஒரே நாளில் நூறு வயது ஏறிவிடும். ஆனால் முதுகை யாரும் அவ்வளவு மெனக்கெட்டுப் பழசாக்குவதில்லை. திருப்பிப் பார்த்தேன். வாய்ச்சி கொத்திய தடங்கள் ஏறுக்குமாறாக இருந்தன. இயந்திர வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வில் போல ஒரே சீரான கோடுகள் விழுந்திருக்கும்.

அடுத்தது பூச்சி. அது மரத்துக்குள் நீளமாகத் தின்றுகொண்டே போகும். வெளியே வரும் இடத்தில் மட்டும் சின்ன வட்டத் துளை இருக்கும். செதுக்கிய பரப்பில் துளைக்குப் பதிலாக வாய்க்கால் மாதிரி நீளப் பள்ளம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சி அரித்த பழைய உத்திரத்தில் பிற்பாடு உளி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மரம் பழசு, வேலைப்பாடு புதுசு. இங்கே கார்பன் சோதனையும் கைகொடுக்காது. மரம் எப்போது வளர்ந்தது என்றுதான் அது சொல்லும், எப்போது செதுக்கினார்கள் என்று சொல்லாது.

இந்த யாளியில் வட்டத் துளைகள் மட்டுமே இருந்தன. பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக உறைந்திருந்தது. வெயிலும் மழையும் பட்ட மேல்பக்கம் வெடித்திருக்க, அடிப்பக்கம் வழவழப்பாகவே இருந்தது. தேரில் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகுதான் கழுந்தைப் பார்த்தேன். தேர்ச் சட்டத்துக்குள் செருகும் பகுதி அது. முறையாகத் தேரைப் பிரிக்கும் ஆசாரி அதை உருவி எடுப்பார். இங்கே ரம்பத்தால் அறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, வெட்டு மட்டும் வெளிறிக் கிடந்தது. அறுத்து ரொம்ப நாள் ஆகவில்லை.

"எந்த ஊர்த் தேர்ண்ணே?"

"அதெல்லாம் யாரு சார் கேக்குறா?"

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது கடந்த சிற்பம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக்கூடாது. உரிமம் இருக்கிறதா என்றதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

போலி என்றிருந்தால்கூட அழகுக்காக வாங்கியிருப்பேன். அசலாக இருந்ததால்தான் வைத்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் திரும்பிய தலை, வலது காது உடைந்திருக்கும். உங்கள் ஊர்த் தேரில் யாளி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் எழுதுங்கள்.