துண்டு முறை

துண்டு முறை என்பது தோட்டத் தொழிலாளியை அவரது கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய வழக்கம். இலங்கை மலையகத்தில் பரவியிருந்த இது, 1921இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சொன்னபடி கடனைத் தீர்க்காதவரிடம் எதை ஈடாக வாங்கலாம் என்ற கேள்வியின் வரலாற்றை மாத்தளை மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

கண்டி அரசுக் காலம்

மாத்தளை அன்று கண்டி அரசுக்கு உட்பட்டிருந்தது. அந்த அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், கடன் இரண்டு ஆண்டில் இரட்டிக்கும், அதற்குமேல் வட்டி ஏறாது என்று எழுதினார். தீர்க்க வழியற்றவர் அடிமையாவதும் உண்டு. அடிமை முறை 1844இல் ஒழிக்கப்பட்டது.

தோட்டக் காலம்

கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழிச்செலவுக்கு, ஆட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் பெரிய கங்காணி கொடுத்த முன்பணம் அவரவர் பெயரில் கடனாக ஏறியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தக்க காரணமின்றி வேலையை விட்டுப் போனவருக்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். ஒப்பந்தம் மீறியதற்கு நட்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு, இங்கே தொழிலாளிக்கு எதிரான குற்றவியல் வழக்காயிற்று.

துண்டு ஒரு சிறு சீட்டு. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகியான துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களைப் பெறும். கட்டிய தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே விழும். ஆட்பஞ்சம் வந்தபோது தோட்டங்கள் போட்டிபோட்டு முன்பணம் கொடுத்தன. கடனும் தோட்டத்துக்குத் தோட்டம் பெருத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் தம் கணக்கைச் சரிபார்க்கவும் வழியில்லை.

ஒழிப்பு

இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் இலங்கையில் அரசியல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் நடத்திய இயக்கமும் அரசை அசைத்தன. 1920களின் தொடக்கத்தில் துண்டும் சிறைத் தண்டனையும் நீங்கின. ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதும் நிறுத்தப்பட்டது.

இன்றைய நிலை

ஒப்பந்தம் மீறியவரிடம் இலங்கையின் ரோமன்-டச்சுச் சட்டம் நட்டஈட்டையோ, ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுவதையோ கோருகிறது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, அறவிடும் வட்டி முதலைத் தாண்டக்கூடாது. துண்டு முறை வழங்கிய காலத்திலும் இந்த வரம்பு நடைமுறையில் இருந்தது. அது பணத்துக்கு எல்லை வகுத்ததே தவிர, கடன்பட்டவரின் நடமாட்டத்தைக் காக்கவில்லை. அதைக் காக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.