பெயர் மாறியதும் பெயர் மாறாததும்

லினக்ஸில் பில்ட் உடைந்தால் லைப்ரரியின் பெயரைப் பார் என்பார்கள். பாதி நேரம்தான் அது கைகொடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல், ஜிசிசி கம்பைலரோடு வரும் லிப்ஸ்டெட்சி++ ஆகிய இரண்டு லைப்ரரிகளையும் பக்கத்தில் வைத்தால் காரணம் புரியும்.

பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பெயரின் வால் எண்ணை மாற்றிக்கொள்ளும். 2016-இல் 1.1 ஆனது, 2021-இல் 3 ஆனது. உபுண்டு 22.04-இல் 3 மட்டுமே இருக்கிறது. 1.1-ஐத் தேடும் பழைய நிரல், கோப்பே இல்லையென்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். முகத்தில் அடித்தாற்போன்ற பதில், ஆனால் நேர்மையானது.

ஓடும்போது இரண்டு பதிப்புகளும் ஒரே கணினியில் இருக்கலாம். சிக்கல் கம்பைல் செய்யும்போதுதான். டெபியன் 9-இல் 1.0.2, 1.1 இரண்டும் இருந்தன. அவற்றின் ஹெடர் பொதிகளில் ஒன்றை மட்டுமே நிறுவ முடிந்தது. இதற்கு மேல், யாரோ ஒருவர் இன்னொரு பதிப்பைக் கையால் கம்பைல் செய்து யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டுவைத்திருப்பார். கணினியின் பொது ஹெடர்களுக்கு முன்பே ஜிசிசி அங்கே தேடிவிடும். ஹெடர் ஒரு பதிப்பு, லைப்ரரி வேறு பதிப்பு என்று ஆகிவிடும். நம் நிரல் 3-ஐயும், நாம் இணைக்கும் இன்னொரு லைப்ரரி 1.1-ஐயும் கேட்டால், இரண்டும் மோதக்கூடும் என்று லிங்க்கர் ஒரு வரி எச்சரிக்கும். பிழை இல்லையே என்று அதைக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஒன்று உருவாக்கிய பொருளை மற்றொன்றின் கையில் கொடுத்த பிறகு நிரல் சரிந்தால், திரும்பப் போய்ப் படிக்க வேண்டிய வரி அது. யார் எதைக் கேட்கிறார்கள் என்பதை ரீட்எல்ஃப் கட்டளை காட்டிவிடும்.

லிப்ஸ்டெட்சி++ வேறு ரகம். 2004-இல் ஜிசிசி 3.4 வந்ததிலிருந்து அதன் வால் எண் 6 மாறவேயில்லை. புதியவை எல்லாம் உள்ளே பதிப்பு முத்திரைகளாகச் சேர்கின்றன, 3.4.30 என்ற முத்திரை ஜிசிசி 12-உடன் வந்தது. புதிய லைப்ரரி பழைய நிரலைத் தாங்கும், பழையது புதியதைத் தாங்காது. கோண்டா பொதி மேலாளரின் சூழலுக்குள் ஒரு பழைய பிரதி இருந்து அது முந்திக்கொண்டால், கோப்பு கிடைத்தும் முத்திரை கிடைக்கவில்லை என்று பிழை வரும். எந்தப் பிரதி என்ற பாதையை எல்டிடி கட்டளை சொல்லும். உள்ளே எந்த முத்திரைகள் இருக்கின்றன என்று ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் நாமே துழாவ வேண்டும்.

2015-இன் ஜிசிசி 5 இன்னும் நுட்பமான வலை. சி++11 தரத்துக்காக ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பும் மாறியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லாக இருந்தால் வால் எண் மாறியிருக்கும். ஜிசிசிக்காரர்களோ பழையதையும் வைத்துக்கொண்டு, புதியதைச் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற உட்பெயரின் கீழ் சேர்த்தார்கள். பழைய முறையில் கம்பைல் செய்த லைப்ரரியோடு இணைத்தால், கண்ணெதிரே இருக்கும் ஃபங்ஷனைக் காணோம் என்று லிங்க்கர் சொல்லும். முதன்முறை இதில் சிக்கியபோது, லைப்ரரிகளின் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மாலையைத் தொலைத்தேன். பிழைச் செய்தியில் அந்த உட்பெயர் தெரிந்தால் வரிசையைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

ஒரு குறுக்குவழி இரண்டிலும் புழங்குகிறது: சிம்லிங்க். 3-ஐக் காட்டி 1.1 என்று பெயரிட்டால் வேலைக்காகாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குள்ளும் முத்திரை உண்டு, குட்டு உடைந்துவிடும். கோண்டாவின் பழைய 6-ஐக் கணினியின் புதிய 6-க்குத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும், அடுத்த முறை கோண்டா தன் பிரதியைத் திரும்ப வைக்கும்வரை.