பின்னோக்கி நகரும் நிகழ்ச்சிப் பட்டியல்

செயற்கைக்கோள் தொலைக்காட்சியையும் இணையத்தையும் ஒரே பெட்டிக்குள் சேர்ப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் இணைய வேகத்தோடு நின்றுவிடுகிறது. வேகம் இரண்டாம்பட்சம். இரு வழிகளிலும் வருவது ஒரே நிகழ்ச்சிதான் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? திரையில் எது முன்னே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? இணைப்பின் வெற்றி தோல்வி இவ்விரு கேள்விகளில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் ஃப்ரீசாட் இதற்குத் தக்க சான்று. பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2008 மே மாதம் தொடங்கிய இச்சேவைக்கு மாதச் சந்தா இல்லை. படத்தோடு நிகழ்ச்சி விவரமும் டிஷ் வழியாகவே இறங்கும். இந்த வழியில் பெட்டி வாங்கிக்கொள்ளுமே தவிர, திருப்பிப் பேசாது. இது பின்பற்றும் ஐரோப்பிய டிவிபி ஒளிபரப்புத் தரத்தில் ஒரு விவரத் துண்டின் நீளத்தைக் குறிக்க 8 பிட்டே உண்டு. ஆகவே தலைப்பும் சுருக்கமும் 255 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். (யூடிஎஃப்-8 முறையில் ‘கொ’ என்ற ஓரெழுத்துக்கே 6 பைட் போய்விடும்; தமிழில் கதைச்சுருக்கம் எழுதுபவர் பாடு திண்டாட்டம்தான்.) துண்டுகளைக் கோத்து நீட்டலாம் என்றாலும், செயற்கைக்கோளில் இடம் என்பது பணம். சுவரொட்டிப் படம், நடிகர் விவரம், பழைய பகுதிகள் ஆகியவற்றை இணையத்திலிருந்து எடுப்பதே மலிவு.

2012இல் வந்த ஃப்ரீசாட்டின் ஃப்ரீடைம் பெட்டிகள் இன்னும் ஒரு படி தாண்டின. பட்டியலைப் பின்னோக்கி நகர்த்தி, நேற்றிரவு முடிந்த நிகழ்ச்சியை அழுத்தினால் அது பிபிசியின் ஐபிளேயர் போன்ற இணையச் சேவையிலிருந்து ஓடும். பார்ப்பவருக்கு எளிது; பின்னணியில் நடப்பது நுணுக்கமான பொருத்தம். தலைப்பை மட்டும் நம்ப முடியாது: தினமும் அதே பெயரில் செய்தி வருகிறது, மறு ஒளிபரப்பும் அதே பெயரில்தான் வருகிறது. ‘டிவி-எனிடைம்’ தரம் வகுத்த ‘கிரிட்’ அடையாளக்குறி இந்தச் சிக்கலுக்காகவே பிறந்தது. எங்கே, எப்போது கிடைத்தாலும் நிகழ்ச்சிக்கு ஒரே குறி. தொடருக்குத் தனியாக ஒரு குறி. பிரிட்டிஷ் பெட்டிகள் ஒரு தொடரை வாரந்தோறும் தவறாமல் பதிவு செய்வதும் இதைக் கொண்டுதான்.

ஜெர்மனியில் பரவிய எச்பிபிடிவி என்ற தரம் வேறு வழியில் சென்றது. சேனலின் சிக்னலிலேயே ஓர் இணைய முகவரி வரும். தொலைக்காட்சி அதைத் திறக்கும். அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டும் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தும் முன்பே, சேனலை மாற்றியவுடன் பல தொலைக்காட்சிகள் வெளியே தகவல் அனுப்புவதை 2013இல் டார்ம்ஷ்டாட் ஆய்வாளர்கள் காட்டினர். ஒளிபரப்பு சிக்னலை அதைவிட வலுவான சிக்னலால் அமுக்கி, போலி முகவரியைத் திணித்து, வீட்டுத் தொலைக்காட்சி வழியே இணையத்தளங்களைத் தாக்க முடியும் என்று மறு ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு எடுத்துரைத்தது. டிஷ் மட்டும் இருந்தவரை யார் எதைப் பார்த்தார் என்பது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த அந்தரங்கத்தை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த வசதி பெரிதா என்பது பார்வையாளரிடம் வெளிப்படையாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் கேட்கப்படவில்லை.

திரையில் முன்னே நிற்பது யார் என்ற இடச் சண்டை தனிக்கதை. பொதுச்சேவை அலைவரிசைகளுக்குப் பட்டியலில் தகுந்த முன்னிடம் வேண்டும் என்பதற்கு பிரிட்டனில் 2003 தகவல்தொடர்புச் சட்டமே வழிசெய்தது. 101ஐ அழுத்தினால் பிபிசி ஒன் என்ற காலத்துக்கு அது போதும். செயலிகளின் படங்கள் அடுக்கிய முகப்பில் எண்ணே கிடையாது. அதனால்தான் பொதுச்சேவை அலைவரிசைகளின் செயலிகளுக்கும் முன்னிடம் தர 2024இல் புதிய ஊடகச் சட்டம் தேவைப்பட்டது.

2020இல் வெளியான டிவிபி-ஐ தரமோ சேனல் பட்டியலையே இணையத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரு சேனலின் செயற்கைக்கோள் வடிவமும் இணைய வடிவமும் ஒரே பெயரின் கீழ், முன்னுரிமை வரிசையோடு பதிவாகும். அந்தப் பட்டியலைத் தொகுப்பது ஒளிபரப்பாளரா, பெட்டி உற்பத்தியாளரா, ஒழுங்குமுறை அமைப்பா என்பதை நாடுகள் தனித்தனியே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.