நிலைச் சுக்கானா, தூக்குச் சுக்கானா?

வீட்டிலேயே பாய்மரப் படகு கட்டுபவர்கள் உடற்பகுதிக்குக் காட்டும் பொறுமையைச் சுக்கானுக்குக் காட்டுவதில்லை. படகு சொன்னபடி கேட்குமா என்பது அங்கேதான் முடிவாகிறது. வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற இரண்டு படகுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஒன்று ஆப்டிமிஸ்ட். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வடிவமைத்தது. நீளம் சுமார் 2.3 மீட்டர். மற்றது மிரர். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னலும் உருவாக்க, டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் 1963-இல் பிரிட்டனில் அறிமுகமானது, சுமார் 3.3 மீட்டர். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிசினால் ஒட்டும் முறையைப் பரப்பியது இதுதான். இரண்டுக்கும் மொட்டை மூக்கு. இரண்டிலும் சுக்கான் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது.

வேறுபாடு சுக்கானின் அலகில். ஆப்டிமிஸ்டில் அது மடங்காது. இணைப்புகள் குறைவு என்பதால் ஆட்டமில்லை. கைப்பிடியை அசைத்த கணமே படகு திரும்பும். செய்வதும் எளிது. ஆனால் அலகு தரை தட்டினால் மோதலின் விசை முழுவதும் பின்பலகைக்கே போகும். ஆழமில்லாத கரையில் சுக்கானையே கழற்றியாக வேண்டும்.

மிரரில் அலகு ஒரு போல்ட்டைச் சுற்றி மேலே மடங்கும். கரையை நெருங்கும்போது கயிற்றை இழுத்துத் தூக்கிக்கொள்ளலாம். இதற்கு விலை உண்டு. போல்ட் தளர்ந்தால் அலகு ஆடும், இறுகினால் மடங்காது. பாதி தூக்கிய நிலையில் ஓட்டினால் நீரின் அழுத்தம் சுழலச்சிலிருந்து பின்னே விலகி, கைப்பிடி கனத்துவிடும். ஆகவே கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறும் அவசியம்.

பின்பலகையில் மாட்டும் வேலையில் இரண்டுக்கும் விதி ஒன்றே. சுக்கானைத் தாங்கும் மேல் கீழ் வளையங்களை இயன்ற அளவு தள்ளி வையுங்கள். இரண்டின் துளைகளும் ஒரே நேர்கோட்டில், படகின் நடுக்கோட்டின் மேல் இருக்க வேண்டும். நீண்ட நேரான கம்பி ஒன்றை இரண்டு துளைகளிலும் செருகிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். கோணலோடு முடுக்கினால் சுக்கான் இறுகித் திரும்பும். போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிட்டால் பிளைவுட்டுக்குள் நீர் இறங்காது. உட்புறம் ஒரு தாங்குகட்டை வைத்து, திருகாணிக்குப் பதில் ஊடுருவும் போல்ட் போடுங்கள். வளையங்களில் செருகும் சுக்கான் முளைகளில் ஒன்று சற்று நீளமாக இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டலாம். படகு கவிழ்ந்தால் சுக்கான் கழன்று போகாதபடி ஒரு தடுப்புக் கொக்கியும் வேண்டும்.

ஆகவே, தேர்வைப் படகின் அளவைவிடக் கரையே தீர்மானிக்கிறது. ஆழமான படித்துறையிலிருந்து கிளம்புகிறவருக்கு நிலைச் சுக்கான் போதும். மணற்கரையிலிருந்து தள்ளி இறங்குகிறவர் தூக்குச் சுக்கானையே பொருத்த வேண்டும்.